ஆறு பவுணும் ஒரு சாப்பாட்டு மேசையும்

2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றில், வெள்ளவத்தையில் வசிக்கும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் ஒரு மென்பொருட் கம்பனியிலே சோதனைப் பொறியியலாளராக உத்தியோகம் பார்ப்பவள். பிறர் எழுதிய செய்நிரல்களில் எங்கே பிழை ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் தொழில். அன்று அவள் குரலில் வழக்கமான துடிப்பு இல்லை.

“அம்மா, இனி எல்லாரும் கிழமையில் ஐந்து நாளும் கந்தோருக்கு வரவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். தம்பியை வாரத்துக்கு இரண்டு தரம் பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டு போகவேணும். அவரும் வங்கியால வர இரவாகுது. நான் என்ன செய்ய?”

தம்பி என்று அவள் சொன்னது என் பேரனை. அவனுக்கு அப்பொழுது வயது இரண்டரை. அந்த வயதிற் பிள்ளைகள் வாய் ஓயாது மழலை பொழிவார்கள். எங்கள் பிள்ளையோ ஒரு சொல்லும் சொல்வதில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவான். வைத்தியர் இன்னமும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பயிற்சியைத் தவறவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நான் சிறிதும் யோசிக்கவில்லை. “வேலையை விட்டிடு பிள்ளை. குழந்தைதான் முக்கியம்” என்றேன்.

சற்று நேரம் மறுமுனையில் மௌனம். பின்பு, “நீங்கள் விடேல்லையே, அம்மா” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியையாகக் கடமையாற்றியவள் நான். பிள்ளைகளின் விடைத்தாள்களிலே, விடை சரியாயிருந்தாலும் வழி காட்டப்படாவிட்டாற் புள்ளி குறைப்பது என் வழக்கம். அன்று என் மகளுக்கு நான் கூறிய விடையில் வழி இருக்கவில்லை. ஆயினும் அதை அப்பொழுது நான் உணரவில்லை. மகள் மரியாதை மறந்து பேசிவிட்டாள் என்ற மனத்தாங்கலே மிஞ்சி நின்றது.

சில வாரங்கள் சென்றன. அந்த ஆண்டு ஓகஸ்ட் 9 ஆந் திகதி இங்கிலாந்திலே, ஸ்டெபனி ஷேர்லி என்னும் அம்மையார் தமது தொண்ணூற்றோராவது வயதிற் காலமானார் என்ற செய்தியைப் படித்தேன். அவர் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. கணிதம் பயின்றவர், பெரியதொரு கணனி ஆலோசனைக் கம்பனியை வீட்டிலிருந்தே தொடங்கியவர், ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரிலே கையெழுத்திட்டவர் என்றெல்லாம் அதிற் கண்டிருந்தது. ஆவல் மேலிட, அவரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்தவற்றை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று. சொல்வதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

1933 ஆம் ஆண்டு ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரிலே அவர் பிறந்தார். தந்தையார் யூதர், நீதிபதியாயிருந்தவர். நாஜிகள் அதிகாரத்துக்கு வந்ததும் பதவியை இழந்தார். 1939 ஆம் ஆண்டு, உலகப் போர் மூளுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஐந்து வயதுச் சிறுமியாகிய இவரையும் ஒன்பது வயதுத் தமக்கையையும் பெற்றோர் வியன்னாவிலே புகையிரதமேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். அவ்வாறு பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்து சேர்ந்த பிள்ளைகள் ஏறத்தாழப் பதினாயிரம் பேர். அன்னிய நாட்டிலே, அன்னிய மொழியிலே, முன்பின் அறியாத ஒரு தம்பதியர் இவரை அன்போடு வளர்த்தனர். பெற்றோர் உயிர் தப்பிப் பின்னர் வந்து சேர்ந்தாலும், பழைய பாசம் மீண்டும் வேர்கொள்ளவில்லை. தம்மைக் காப்பாற்றியவர்கள் வீண் காரியத்துக்காகக் காப்பாற்றினார்கள் என்று ஆகிவிடக்கூடாது என்ற எண்ணம் வாழ்நாள் முழுவதும் தம்மைத் தூண்டிற்று என்று அவர் பிற்காலத்திற் கூறுவதுண்டு. அகதி வாழ்வு என்னவென்று அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவர் படித்த பெண்கள் பாடசாலையிலே உயர் கணிதம் கற்பிக்கப்படவில்லை. விசேட அனுமதி பெற்று, அயலிலிருந்த ஆண்கள் பாடசாலைக்குச் சென்று கணிதம் பயின்றார். பதினெட்டு வயதிலே, லண்டனில் டொலிஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த தபாற் பகுதியின் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். போர்க் காலத்திலே பகைவரின் இரகசியச் செய்திகளை உடைப்பதற்கு உதவிய ‘கொலோசஸ்’ என்ற கணனியை டொமி பிளவர்ஸ் என்பவர் அமைத்தது இந்த நிலையத்திலேதான். பகலில் அங்கு வேலை, இரவில் வகுப்பு. இப்படி ஆறு ஆண்டுகள் உழைத்துக் கணிதத்திற் பட்டம் பெற்றார்.

1959 ஆம் ஆண்டு டெரெக் ஷேர்லி என்ற பௌதிகவியலாளரை மணந்து, சிறிய கணனிக் கம்பனியொன்றுக்கு மாறினார். திறமைக்குக் குறைவில்லை. எனினும், பெண் என்பதாலே ஒரு படிக்கு மேல் ஏறமுடியாத நிலை அங்கும் இருந்தது. விற்பனை விலையைப் பற்றிய கூட்டமொன்றிலே கருத்துச் சொல்ல முயன்றபோது, அது அவருக்குரிய விடயமன்று என்று வாய் மூடச் செய்தார்களாம். அவர் விலகினார். 1962 ஆம் ஆண்டு, தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே, ஆறே ஆறு பவுண் முதலோடு ‘பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற தொழிலை ஆரம்பித்தார்.

அந்தக் காலத்திலே இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். கணனி செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே செய்நிரல். கணனியை விற்பவர்கள் இயந்திரத்தோடு அதையும் இலவசமாகக் கொடுத்து வந்த காலம் அது. இயந்திரமில்லாமற் கட்டளைகளை மட்டும் விற்று ஒருவர் பிழைக்கலாம் என்றால், அதிலும் ஒரு பெண் பிழைக்கலாம் என்றால், கேட்டவர்கள் சிரித்தார்கள். கணவரின் சம்மதமின்றித் தம்மால் வங்கிக் கணக்குத் திறக்கவும் முடியவில்லை என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ‘ஸ்டெபனி’ என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று ஒப்பமிட்டு அனுப்பிய பின்னரே கம்பனிகளின் கதவுகள் திறந்தன. எதிரே வந்து நிற்பவர் பெண் என்று தெரிவதற்கு முன்னர் அவர் உள்ளே போய்விடுவார்!

1963 ஆம் ஆண்டு மகன் ஜைல்ஸ் பிறந்தான். வாடிக்கையாளர்களோடு தொலைபேசியிற் பேசும்போது குழந்தையின் அழுகை கேட்டால் வியாபாரம் கெடும். ஆதலால், தட்டச்சு இயந்திரங்களின் ஓசையை ஒலிநாடாவிற் பதிவுசெய்து, பேசும்போது பக்கத்திலே ஓடவிடுவாராம். மறுமுனையிலிருப்பவர் பெரிய கந்தோரொன்று இயங்குவதாக எண்ணிக்கொள்வார்.

அவர் வேலைக்கமர்த்தியவர்கள் யார் தெரியுமா? கணனித் தொழிலிலே பயிற்சி பெற்று, கலியாணமானபோதோ முதற் குழந்தை பிறந்தபோதோ உத்தியோகத்தை விட்டு வீட்டோடு இருந்த பெண்கள். அத்தகைய மூளைகள் நாடெங்கும் அடுப்படிகளிலே வீணாகிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். அவர்களுக்கு வேண்டியிருந்தவை ஒரு தொலைபேசியும், பிள்ளை உறங்கும் சில மணிநேரங்களுமே. முதல் முந்நூறு ஊழியர்களுள் ஆண் செய்நிரலாளர் மூவர் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

வேலை நடந்த விதமும் அறியத்தக்கது. வீட்டிலே கணனி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தான் எழுத வேண்டிய செய்நிரலைக் கடதாசியிலே பென்சிலாற் படம்போட்டு, பின்பு கட்டளைகளாக எழுதித் தபாலில் அனுப்புவாள். வேறோரிடத்தில் அவை அட்டைகளிலோ நாடாவிலோ துளையிடப்பட்டு, வாடகைக்குப் பெற்ற கணனியில் ஓட்டிப் பார்க்கப்படும். ஓர் இடத்திற் புள்ளியொன்று பிழைத்தாலும் திருத்தி மீண்டும் அனுப்ப நாட்கள் செல்லும். ஆகையால், அனுப்புமுன் வரிக்கு வரி சரிபார்ப்பது கட்டாயமாயிற்று. ஒருவரையொருவர் காணாத பலர் ஒரே வேலையைச் செய்வதானால், எல்லோரும் ஒரே ஒழுங்கிலே எழுதவேண்டும். அதற்கென வகுத்த விதிமுறைகளே கம்பனியின் பெருஞ் செல்வமாயின. எத்தனை மணி நேரம் கதிரையில் இருந்தாய் என்று எவரும் கேட்கவில்லை; கொடுத்த வேலை சரியாக, குறித்த நாளில் முடிந்ததா என்றே கேட்டார்கள். இதனைப் படித்தபோது, நான் விடைத்தாளிலே ‘வழி’ பார்த்துப் புள்ளியிட்டது நினைவுக்கு வந்தது. ஊரறியாத அந்தப் பெண்கள் என் சாதிக்காரிகள் என்று எனக்குப் பட்டது.

புகையிரதங்களிற் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒழுங்கு, பேருந்து நேர அட்டவணை, களஞ்சியக் கணக்கு என்று வேலைகள் வந்தன. ஒலியை விஞ்சும் வேகத்திற் பறந்த ‘கொன்கோர்ட்’ விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலை எழுதியவர்களும் ஏறத்தாழ முப்பது பெண்கள், வீட்டிலிருந்தபடியே எழுதினார்கள். விமானத்திற் சென்ற செல்வந்தர்களுட் பலருக்கு, அதன் கணக்கு ஒரு குசினி மேசையிலே போடப்பட்டது என்பது தெரிந்திருக்காது.

1964 ஆம் ஆண்டு இத்தொழில் முறைப்படி கம்பனியாகப் பதிவு பெற்றது. வளர்ச்சி நேர்கோட்டிற் செல்லவில்லை. 1970 களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்திலே, தொழில் மூழ்கிவிடும் நிலைக்கு வந்து தப்பிற்று. 1974 ஆம் ஆண்டு ‘எப் இன்டர்நேஷனல்’ என்று பெயர் மாறியது. 1975 ஆம் ஆண்டு ஆண், பெண் வேற்றுமை பாராட்டலைத் தடைசெய்யும் சட்டம் இங்கிலாந்திலே வந்தது. பெண்களைக் காக்க வந்த அந்தச் சட்டம், பெண்களுக்கென்றே நடந்த இந்தக் கம்பனியையும் ஆண்களை ஏற்கச் செய்தது! அம்மையார் இதனைச் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

பின்பு ‘எப்.ஐ. குரூப்’ என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்திலே, அம்மையார் தம் பங்குகளைச் சிறிது சிறிதாக ஊழியர் கைக்கு மாற்றினார். 1991 ஆம் ஆண்டு நிருவாக அதிகாரமே ஊழியரிடம் சேர்ந்தது. 1993 ஆம் ஆண்டு, அறுபதாவது வயதில், அவர் ஓய்வு பெற்றார். 1996 ஆம் ஆண்டு கம்பனியின் பங்குகள் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. ஊழியருள் எழுபது பேர் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட செல்வத்துக்கு உரியவராயினர். 1990 களின் பிற்பகுதியிலே, அந்நிறுவனம் இந்திய மென்பொருட் கம்பனியொன்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டெல்லிக்கு அண்மையிலுள்ள நோய்டாவிலும், நமது அயலூரான சென்னையிலும் அதன் பணிமனைகள் எழுந்தன. 2001 இல் ‘சான்சா’ என்று மறுபடியும் பெயர் மாறிற்று. 2007 ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கம்பனியாகிய ‘ஸ்டீரியா’ அதனை 47 கோடியே 20 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. ஸ்டீரியாவும் 2014 இல் ‘சொப்ரா’ என்பதோடு இணைந்து ‘சொப்ரா ஸ்டீரியா’ ஆயிற்று. ஆறு பவுண் 47 கோடியாக வளர்ந்த கதை இது. ஆனால், அந்த வளர்ச்சியிலே சாப்பாட்டு மேசை மறைந்துபோயிற்று என்பதையும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து உழைத்த தாய்மாரின் கம்பனி, ஈற்றில் உயர்ந்த கட்டடங்களிலே ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து வேலை செய்யும் ஏனைய கம்பனிகளைப் போன்ற ஒன்றாகிவிட்டது.

இவ்வளவையும் வியப்போடு படித்துக்கொண்டு வந்த நான், ஓரிடத்திலே நின்றுவிட்டேன். மகன் ஜைல்ஸ் இரண்டரை வயதிலே, பேசிக்கொண்டிருந்த சில சொற்களையும் இழந்தான் என்று அங்கே எழுதியிருந்தது. கடுமையான ஓட்டிசம் என்று பின்னர் அறியப்பட்டது. அவன் மீண்டும் பேசவேயில்லை.

இரண்டரை வயது! கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறர் கண்ணுக்கு வெற்றியாகத் தோன்றிய ஆண்டுகளிலே, அந்தத் தாய் பட்ட பாடு சிறிதன்று. பிள்ளை வளர வளரப் பராமரிப்பது கடினமாயிற்று. ஒரு கட்டத்தில் அவரும் உடைந்து வைத்தியசாலையிற் சேர நேர்ந்தது. மகனையும் பல்லாண்டுகள் வைத்தியசாலையில் விடவேண்டியதாயிற்று. பின்னர், அவனைப் போன்றோர் குடும்பத்திற் போல வாழ்வதற்கு ஒரு தரும நிலையத்தை நிறுவி, அதன் முதல் வீட்டிலே முதல்வனாக அவனைக் குடியமர்த்தினார். 1998 ஆம் ஆண்டு, முப்பத்தைந்து வயதிலே, வலிப்பினால் உறக்கத்தில் அவன் இறந்தான். ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்காக அவர் அமைத்த பாடசாலை அதற்கு அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. உழைத்துச் சேர்த்ததிற் பெரும்பகுதியை, ஏறத்தாழ ஏழு கோடிப் பவுணை, அவர் தருமத்துக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் எல்லாத் துன்பமும் தீரும் என்று இந்தக் கதை சொல்லவில்லை. வேலையை விட்டால் பிள்ளை பேசும் என்றும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு வேலையும் வேண்டியிருந்தது. தோள் கொடுக்க ஆளும் வேண்டியிருந்தது. முன்னையதை அவர் தாமே ஆக்கிக்கொண்டார். பின்னையது போதியளவு கிடைக்காமையால் உடைந்தார் என்று எனக்குத் தோன்றிற்று.

அப்பொழுதுதான் என் மகள் சொன்ன சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. “நீங்கள் விடேல்லையே.” உண்மைதான், நான் விடவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றும், ஒரு நாளும் பாடசாலைக்குப் பிந்திச் சென்றதில்லை. அதனை என் திறமையென்றே இதுவரை எண்ணியிருந்தேன். காலை ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு வரும்போது, அடுப்படியிலே என் தாயார் பிட்டு அவித்து முடித்திருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் இரவிரவாக விழித்திருந்தவரும் அவரே. ‘நீ போய்ப் படு, விடியப் பள்ளிக்கூடமல்லோ’ என்பார். எனது சேவைக்காலத்து முப்பத்திரண்டு ஆண்டுகளிலே முதற் பதினைந்து ஆண்டுகள் என் தாயாருக்குரியவை. ஓய்வு பெற்ற நாளில் எனக்குப் பிரியாவிடைப் பத்திரம் வாசித்தார்கள். அதிலே அவர் பெயர் இருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகளிடம் வேலையை விடும்படி கூறியபோது, அந்த யோசனையால் எனக்கு ஒரு சதமேனும் செலவில்லை. எனக்குச் செலவு வைக்கக்கூடிய யோசனை வேறொன்று இருந்தது. கிணற்றடியும், முருங்கையும், மாலையிற் கோயில் மணியோசையுமாக நான் விரும்பிக் கட்டிய யாழ்ப்பாணத்து வாழ்வை விட்டுக் கொழும்புக்குச் செல்வது. அதை அவள் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பதே சரி. கேட்காததை நானாகச் சொல்லாமலிருக்க, ‘குழந்தைதான் முக்கியம்’ என்ற பெரிய வார்த்தை எனக்கு வசதியாயிருந்தது.

அன்றிரவே அவளை அழைத்தேன். “பிள்ளை, கந்தோருக்கு இன்னும் கடிதம் குடுக்கேல்லையே?” என்று கேட்டேன்.

“எழுதி வைச்சிருக்கிறன் அம்மா. நாளைக்குக் குடுக்கப் போறன்.”

“குடாதை. நான் வாறன்.”

மறுமுனையில் மீண்டும் மௌனம். இம்முறை அது வேறு விதமான மௌனம்.

வளவின் திறப்பை அயல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமையே கொழும்பு வந்து சேர்ந்தேன். மகள் விலகற் கடிதத்துக்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுதினாள். எந்தெந்த வேலையை எந்தெந்த நாளில் முடித்துத் தருவேன், அதை எவ்வாறு அளந்து பார்க்கலாம் என்று பந்தி பந்தியாக வழி காட்டி எழுதினாள். நானும் இருந்து சரிபார்த்தேன். கந்தோர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய மட்டும் இணங்கியது. அந்த இரண்டு நாட்களும் பயிற்சி நாட்களாக அமைந்தன. மற்றை மூன்று நாட்களும் என் பொறுப்பு.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. கணிதமோ கணனியோ எதைப் படித்தாலும் மனமூன்றிப் படியுங்கள்; ஒரு நாள் அதை விடும்படி பலர் சொல்வார்கள், அன்போடு சொல்வார்கள். அவர்கள் காட்டும் வழியைக் கேளுங்கள். குடும்பத்துப் பெரியவர்களுக்கும், எனக்கும் சேர்த்து, ஒரு வார்த்தை. பெண் பிள்ளையின் படிப்புக்குக் காணியை ஈடுவைத்துக் கொடுக்கிறோம். அவள் படித்ததைப் பயன்படுத்தும் காலத்திலே நமது நேரத்திற் சிறிதைக் கொடுக்கப் பின்வாங்குகிறோம்.

பேரன் இன்னும் பேசவில்லை. பேசுவானா என்று எனக்குத் தெரியாது. இன்று செவ்வாய்க்கிழமை, மகள் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்திலே அவள் கணனியைத் திறந்து வைத்து, யாரோ ஒருவர் விட்ட பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மறுபக்கத்திலே நானும் பேரனும் புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாக அடுக்குகிறோம். நான் வேண்டுமென்றே ஒரு வரிசையில் நான்கு வைத்தேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்து, அந்த வெற்றிடத்தின் மேலே கொண்டுபோய் வைத்தான்.